சிவனாண்டிக்கு ஒரு கால் கிலோ

வன்னியபெருமாளுக்குக் கயிற்றைப் பற்றி மட்டும்தான் கருத்து கிடையாது. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் உண்டு.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் அவருக்குக் கயிற்றுக்கடை. தோணிக்கும் விசைப்படகுக்கும் லாரிக்கும் உப்பு அம்பாரத்தை மூடுகிற தார்ப்பாய்க்கும் வேண்டிய கயிறுகள் அங்கே சுருள்சுருளாகக் கிடக்கும். "அண்ணாச்சி, நல்ல கயிறா ஒண்ணு குடுங்க" என்று யாராவது வந்து நின்றால் அவர் உடனே எழுந்திருக்க மாட்டார். எதைக் கட்டப்போறீரு, எவ்வளவு இழுக்கும், வெயில்ல கிடக்குமா தண்ணில கிடக்குமா, யாரு முடிச்சுப் போடுவா என்று நாலு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டும் தீர்மானமாக ஒன்றும் சொல்ல மாட்டார். "போட்டுப் பாரும். சரியில்லன்னா கொண்டாரும்" என்பார்.

அதே மனிதர், நிலாவில் விண்கலம் எங்கே இறங்க வேண்டும், தங்கம் ஏன் ஏறுகிறது, கொற்கையை விட்டுக் கடல் ஏன் பின்வாங்கியது, குழந்தைக்கு எந்த மாதத்தில் இட்லி கொடுக்கலாம் என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார். கேள்வியே கேட்க மாட்டார்.

அவருடைய ஒரே மகள் செல்வராணி இந்த வித்தியாசத்தைச் சின்ன வயதில் கவனித்ததில்லை. வேலைக்குப் போன பிறகுதான் கவனித்தாள். ஓசூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவள் பொறியாளர். தராசோ அழுத்தமானியோ எது வந்தாலும், அது எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துச் சான்று எழுதுவது அவள் வேலை. ஓர் எண்ணை எழுதினால் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, அது எவ்வளவு பிசகக்கூடும் என்பதையும் எழுதியாக வேண்டும். அப்பா கயிற்றைப் பற்றிப் பேசினால் அந்தக் குறி இருந்தது. மற்றதைப் பற்றிப் பேசினால் இல்லை.

"என் மக தப்பைக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்குதா. நான் தப்பாச் சொல்லி மக்ரூன் வாங்குதேன்" என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

மக்ரூன் கதை அவருடைய வாட்ஸப் குழுவில் தொடங்கியது. குழுவின் பெயர் 'தெரிஞ்சதைச் சொல்லுவோம்'. அவர்தான் தொடங்கினார், அவர்தான் அட்மின். கடைக்காரர்கள், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், உப்பளத்துக்காரர்கள், சரக்குத் தோணி ஓட்டுகிற தண்டல்கள், ஒரு பல் டாக்டர் என்று கலவையான கூட்டம். பெயருக்கும் நடப்புக்கும் சம்பந்தமில்லை என்று தண்டல் விக்டர் முதல் வாரமே எழுதினார். அதற்கு அண்ணாச்சி, "தெரிஞ்சதை மட்டும் சொன்னா குரூப்பு ஒரு நாள்ல காலியாயிரும் வே" என்று பதில் போட்டார்.

ஆனாலும் ஒரு சமயம் நிலைமை கைமீறிவிட்டது. பல் டாக்டர் பல்லைப் பற்றி ஏதோ எழுத, பல்லே இல்லாத இரண்டு பேர் உட்பட ஆளாளுக்கு மறுத்து எழுத, அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார். அண்ணாச்சி அவர் வீட்டுக்கே போய்ச் சமாதானம் பேசி அழைத்துவந்தார். அன்றைக்கு ஒரு விதி வந்தது. தன் சொந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர் "இது நம்ம தொழில்" என்று ஆரம்பிக்க வேண்டும். மற்ற எல்லாரும் "எனக்கு இதுல அனுபவம் கிடையாது" என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தடை இல்லை.

அண்ணாச்சி அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. அவருடைய ஒவ்வொரு குரல் பதிவும், "எனக்கு இதுல அனுபவம் கிடையாது. ஆனாலும்" என்றுதான் தொடங்கும். அந்த ஆனாலும்-க்குப் பிறகு வருவதைக் கேட்டு முடிப்பதற்குள் கையில் இருக்கிற டீ ஆறிவிடும்.

இரண்டாவது விதியை யாரும் போடவில்லை. அது தானாக வந்தது. வெளிநாட்டில் ஒரு கால்வாயில் பெரிய கப்பல் ஒன்று குறுக்கே சிக்கிக்கொண்ட சமயம். கப்பலை இரண்டாக வெட்டித்தான் எடுக்க முடியும் என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். "இது நம்ம தொழில். பௌர்ணமிக்குத் தண்ணி ஏத்தம் வரட்டும், தானா மிதக்கும்" என்று விக்டர் ஒரே வரியில் எழுதினார். கப்பல் மிதந்தது. அண்ணாச்சி இனி சத்தமில்லாமல் இருப்பார், இல்லையென்றால் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான் என்பார் என்று குழுவே எதிர்பார்த்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய், அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் கால் கிலோ வாங்கினார். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற விக்டர் வீட்டுக்குப் போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்லிப் பெட்டியை நீட்டினார். விக்டர் அதைப் பிரித்து அதிலேயே ஒன்றை எடுத்து அண்ணாச்சி வாயில் போட்டார். படம் குழுவுக்கு வந்தது.

அதிலிருந்து தோற்றவர் மக்ரூன் வாங்கித் தருவது வழக்கமாயிற்று. நேரில் போக வேண்டும். வாயால் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் ஒன்றை ஊட்ட வேண்டும். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. இதில் நடுவர் கிடையாது. நீ தப்பு என்று ஒருத்தரை ஒருத்தர் சொல்லலாமே தவிர, தோற்றுவிட்டாய் என்று சொல்ல முடியாது. தோற்றவர் தானாக ஒத்துக்கொண்டால்தான் உண்டு.

அந்த ஒத்துக்கொள்வதும் உண்மையாக இருக்க வேண்டும். அண்ணாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி கட்டிப் படுத்திருந்தபோது, விக்டர் பரிதாபப்பட்டு ஒரு பழைய விவாதத்தில் தோற்றதாகச் சொல்லிப் பெட்டியோடு வந்தார். அண்ணாச்சி வாங்கவில்லை. "மரியாதைக்கு ஒத்துக்கிட்டா அது செல்லாது வே. உமக்கு நான் சொன்னது சரின்னு படுதா? படலைல்லா. எடுத்துட்டுப் போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவரே அதிகம் தோற்றார். பேக்கரிக்காரர் பிச்சையா, அவர் தலை தெரிந்ததுமே, "இன்னைக்கு எதுல அண்ணாச்சி?" என்று கேட்டபடி பெட்டியை எடுப்பார். நூலால் கட்டினால் வழியில் அவிழ்ந்து உள்ளே மக்ரூன் நொறுங்கிவிடும் என்று, தன் கடையிலிருந்து மெல்லிய வெள்ளைக் கயிறு ஒரு சுருள் கொண்டுவந்து அங்கே கொடுத்து வைத்திருந்தார் அண்ணாச்சி.

செல்வராணி அந்தக் குழுவில் இல்லை. ஒரு தடவை அப்பா சேர்த்துவிட்டார். அவள் யாரோ எழுதிய எண்ணைத் திருத்தினாள், திருத்தத்துக்கு ஆதாரம் கொடுத்தாள், ஆதாரத்துக்கு விளக்கம் கொடுத்தாள், அப்புறம் களைத்துப்போய் விலகிவிட்டாள். "உங்க ஆளுங்களுக்குத் தெரியாததே கிடையாதாப்பா" என்று கேட்டாள். "தெரியாது, அதான பேசுதோம். தெரிஞ்சா வேலையைப் பாக்கப் போயிருவோம்லா" என்றார்.

*

அவள் விடுப்பில் வந்திருந்தபோதுதான் அது நடந்தது. கடையில் கயிற்றுச் சுருளைத் தூக்கிய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் தாளில் இதயத்தை வரைந்து, ஒரு குழாயின் மேல் குறுக்குக் கோடு போட்டுக் காட்டினார். பெரிய குழாய். முழுக்க அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைக்க வேண்டும், உடனே முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

"வச்சா எத்தனை சதவீதம் டாக்டர்?" என்று செல்வராணி கேட்டாள்.

"எண் சொல்ற நிலைமை இல்லம்மா. வைக்கலன்னா ரொம்பக் கஷ்டம். வச்சா ஒரு வாய்ப்பு இருக்கு."

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. வேறு பதிலும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கட்டிலில் இருந்து அப்பா டாக்டரைப் பார்த்தார். "அது என்ன உலோகம்?"

"கோபால்ட் கலந்தது."

"துருப்பிடிக்குமா?"

டாக்டர் சிரித்தார். "பிடிக்காது."

"எப்படி விரியும்?"

"பலூன் வச்சு விரிப்போம்."

"விரிஞ்சது திரும்பச் சுருங்கிராதா?"

"சுருங்காதுங்க. அப்படியே நிக்கும்."

அப்பா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, நேரமில்லப்பா. சரின்னு சொல்லுங்க" என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொன்னா சரிளா" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் தலையைத் தூக்கி, "ஏளா செல்வி, சிவனாண்டிக்கு ஒரு கால் கிலோ வாங்கிக் குடுத்துரு" என்றார். எதுக்குப்பா என்று அவள் கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. குழுவில் இருக்கிற சிவனாண்டியிடம் மழையோ ராக்கெட்டோ, எதிலோ தோற்றிருக்கிறார் என்று நினைத்தாள். அப்போது அதை நினைக்க நேரமும் இல்லை.

ஸ்டென்ட் ஒழுங்காகத்தான் வைத்தார்கள். இதயம் அதற்கு முன்பே களைத்துவிட்டிருந்தது. மறுநாள் விடியலை அவர் பார்க்கவில்லை.

மில்லர்புரம் வீட்டில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். செல்வராணி எல்லா வேலையையும் செய்தாள். சான்றிதழ், வங்கி, கடைச் சாவி. அழுதது குறைவு. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அவளுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நீ சொன்னா சரிளா. நெஞ்சுக்குள் கம்பி வைப்பதை அப்பா சாப்பாட்டு நேரத்தில் கேலி செய்ததை அவள் கேட்டிருக்கிறாள். பிடிக்காத ஒன்றை மகளுக்காக ஒத்துக்கொண்டாரா? நேரமில்லை என்று அவள் அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பார்? இதற்கு எந்தக் கருவியும் இல்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

அப்பாவின் கைப்பேசி அவளிடம் இருந்தது. அது ஓயாமல் அதிர்ந்தது. ஒரு மத்தியானம், சத்தத்தை நிறுத்தலாம் என்று எடுத்தவள் குழுவைத் திறந்துவிட்டாள். கும்பிட்ட கைகள், பூ, விளக்கு. நடுவில் சிவனாண்டி எழுதியது:

"எனக்கு இதுல அனுபவம் கிடையாது. ஆனா அண்ணாச்சி சொன்னதுதான் சரின்னு இப்பத் தெரியுது. ஸ்டென்ட் வச்சிருக்கப்படாது. வைக்காம இருந்தா நம்மளோட இருந்திருப்பாரு."

சிவனாண்டி உப்பு ஏற்றிப் போகிற லாரிகள் வைத்திருப்பவர். குழுவில் அப்பாவுக்கு அடுத்தபடி அதிகம் பேசுகிறவர். அவர் எழுதியதற்குக் கீழே மற்றவர்கள். ஆமா, நெஞ்சுல கத்தியே படாத உடம்பு. பூண்டும் எலுமிச்சையும் காய்ச்சிக் குடிச்சிருந்தாலே கரைஞ்சிருக்கும். இப்ப எல்லாம் வியாபாரம். வீட்டாளுங்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கிருதாங்க.

செல்வராணி அதைப் படித்தாள். திரும்பப் படிக்கவில்லை. படிக்காமலே அந்த வரிகள் மனப்பாடமாகிவிட்டன. வச்சிருக்கப்படாது. கையெழுத்து வாங்கிருதாங்க. பதில் எழுத ஆரம்பித்தாள். இதயத் தசைக்கு இரத்தம் நின்றால் என்ன ஆகும் என்று நீளமாக எழுதி, அழித்தாள். இந்தக் குழுவை மூடிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மூடுவதற்கு ஒரே பொத்தான் கிடையாது. எல்லாரையும் ஒவ்வொருவராக நீக்கிவிட்டுத்தான் வெளியே வர முடியும். அவள் சலிக்காமல் செய்கிற ஆள். முதலில் சிவனாண்டி. அப்புறம் பூண்டு. அப்புறம் வியாபாரம். அப்புறம் அதற்குக் கை கூப்பியவர்கள். பெயரைத் தொட்டு, நீக்கு என்பதைத் தொட்டு, சரி என்பதைத் தொட்டு. பெயரைத் தொட்டு, நீக்கு என்பதைத் தொட்டு.

அவள் யோசிக்காத ஒன்று இருந்தது. அது அப்பாவின் கைப்பேசி.

*

முதலில் விக்டர் கூப்பிட்டார். "ஹலோ. யாரு பேசுதது?" என்று கேட்ட குரலில் நடுக்கம் இருந்தது.

"செல்வராணி பேசுதேன் அங்கிள்."

"நீயா தாயி." ஒரு பெருமூச்சு. "ஒண்ணும் நினைச்சுக்கிடாத. நான் தோணில நிக்கேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏறிட்டு இருக்கு. குரூப்பைத் திறந்தேன். பாத்தா அண்ணாச்சி படம். கறுப்புக் கண்ணாடி போட்டுக் கடையில நிப்பாருல்லா, அந்தப் படம். வன்னியபெருமாள் உங்களை நீக்கினார்னு போட்டிருக்கு."

செல்வராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தோணிக்காரப் பயலுவ எல்லாம் சிலுவை போட்டுட்டானுவ. கடலுக்குப் போற நேரத்துல இப்படி வந்தா என்ன அர்த்தம்னு கேக்கானுவ. ஒருத்தன் இறங்கி வீட்டுக்கே போயிட்டான்."

"நான்தான் அங்கிள் நீக்கினேன்."

"நீதானா. மாதாவே. அப்பச் சரி." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "ஆனா நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"சிவனாண்டி எழுதுனதுக்குக் கீழ கை கூப்பியிருந்தீங்க."

"அது அண்ணாச்சிக்குக் கும்பிட்டது தாயி. எடம் மாறி விழுந்துட்டு."

அம்மா சீனித்தாய் உள்ளறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். யார் என்று கேட்டாள். செல்வராணி சொன்னாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று செல்வராணி பக்கத்தில் போனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "இருந்தப்பயும் ஒருத்தரையும் நிம்மதியா இருக்கவிடல. போயும் விரட்டுதாரா?" என்றாள். அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

வெயில் தாழும் நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சிவனாண்டி. கேட்டுக்கு வெளியே நின்று, ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கிய பையை ஒரு தடவை எடுத்தார், திரும்ப மாட்டினார். பிறகு வெறுங்கையோடு உள்ளே வந்து, "மைனி" என்று அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தாயி, அண்ணாச்சி போன்ல இருந்து என்னைய நீக்கியிருக்கு. முத ஆளா."

"நான்தான் சித்தப்பா நீக்கினேன்."

"அது தெரியும்லா. அண்ணாச்சின்னா நீக்கமாட்டாரு. ஒரு மணி நேரம் ஏசிப் பேசி அனுப்புவாரு."

"ஸ்டென்ட் வச்சிருக்கப்படாதுன்னு எழுதியிருக்கீங்க. வைக்கச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"டாக்டருதான?"

"நான். கையெழுத்துப் போட்டது நான்."

சிவனாண்டி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார்.

"எனக்கு அது தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது. நான் தோத்துக்கிடுததுக்காக எழுதுனேன்."

"என்னது?"

"உனக்கு இந்தச் சண்டை தெரியாதா? ஊருக்கே தெரியும்." அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள். "என் மச்சினனுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்க. வச்சது நல்லதுன்னு நான் எழுதுனேன். அண்ணாச்சி விடுவாரா. எனக்கு இதுல அனுபவம் கிடையாது, ஆனாலும்னு ஆரம்பிச்சாரு. நம்ம ஊரு உப்புக்காத்துல வாசக் கேட்டே நாலு வருஷம் தாங்கமாட்டேங்குது. நெஞ்சுக்குள்ள வைக்கிற கம்பி எப்படிலே தாங்கும்? நாம மூச்சு இழுக்குதது பூரா உப்புல்லா. மதுரைக்காரனுக்கு வேணா வைக்கட்டும், தூத்துக்குடிக்காரனுக்கு ஸ்டென்ட் ஆகாது. துருப்பிடிச்சு உதிர்ந்துரும். இதான் அவரு வாதம்."

"கேட்டுக்குப் பெயின்ட் அடிங்கன்னு வருஷாவருஷம் சொன்னேன்" என்றாள் அம்மா. "அடிக்கமாட்டாரு. காத்தைக் குத்தம் சொல்லுவாரு."

"பல் டாக்டர் சொல்லியும் கேக்கல. நானும் விடல. ஒரு வருஷமா நடக்கு மைனி. முடியவே இல்ல." சிவனாண்டி துண்டைக் கையில் முறுக்கினார். "இப்ப அவரு போயிட்டாரு. இனி அவரு எப்படி ஒத்துக்கிடுவாரு? ஒரு பேச்சு முடியாமக் கிடந்தா அவருக்கு உறக்கம் வராது, எனக்குத் தெரியும்லா. அதான், சரி, நாமளே தோத்துருவோம், அண்ணாச்சி ஜெயிச்சதா இருக்கட்டும்னு எழுதிட்டேன். அதுக்கு மத்தவனுவ இப்படிப் பின்பாட்டுப் பாடுவானுவன்னு நினைக்கல."

வாசலைக் காட்டினார். "கால் கிலோவும் வாங்கிட்டேன். துட்டி வீட்டுக்கு இனிப்புக் கொண்டாரப்படாதுல்லா. அதான் வண்டில தொங்குது. கொண்டாரதா வேண்டாமான்னு அங்கனயே நின்னுட்டு இருந்தேன்."

செல்வராணி கேட்டுக்கு வெளியே பார்த்தாள். கேட்டின் அடிக்கம்பிகள் துருவேறி இலை மாதிரி உரிந்திருந்தன. அதற்கு அப்பால் பை தொங்கியது. வெள்ளைக் கயிற்று முடிச்சு பைக்கு வெளியே தெரிந்தது.

"அப்பா டாக்டர்ட்ட துருப்பிடிக்குமான்னு கேட்டாங்க" என்றாள்.

சிவனாண்டி நிமிர்ந்தார்.

"என்ன உலோகம்னு கேட்டாங்க. எப்படி விரியும்னு கேட்டாங்க. சுருங்கிராதான்னு கேட்டாங்க." சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. கடையில் கேட்கிற கேள்விகள். எவ்வளவு இழுக்கும், தண்ணியில் கிடக்குமா. தெரியாததைப் பற்றி அப்பா கேள்வி கேட்டு அவள் பார்த்ததே இல்லை. "துருப்பிடிக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் உள்ள கொண்டுபோறப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க."

"என்ன சொன்னாரு?"

"சிவனாண்டிக்கு ஒரு கால் கிலோ வாங்கிக் குடுத்துரு."

வீதியில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என் பேரைச் சொன்னாரா?"

"ஆமா."

"கட்டில்ல படுத்துக்கிட்டா?"

"ஆமா சித்தப்பா."

"அப்ப ஒத்துக்கிட்டாரு." துண்டை மடித்து மடியில் வைத்தார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாத மாதிரி இருந்தார். "ஒத்துக்கிட்டாரு மைனி. கேட்டேளா. ஒரு வருஷம் என்னைய அந்தப் பாடு படுத்திட்டு."

"நான் சொன்னதுக்காகத்தான் சரின்னாங்கன்னு இருந்தேன்" என்றாள் செல்வராணி. இதை அவள் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ சொன்னா சரிளான்னாங்க."

சிவனாண்டி அவளைப் பார்த்தார். "உன்கிட்ட அவரு அப்படித்தான் சொல்லுவாரு. கோயிலுக்குப் போகக் கூப்பிட்டாலும் நீ சொன்னா சரிளாம்பாரு. நினைச்சா போவாரு, இல்லன்னா போகமாட்டாரு. ஆனா மக்ரூன் வேற தாயி. விக்டர் கொண்டுவந்த பெட்டியைக் கண்ணுல கட்டோட திருப்பி அனுப்புன மனுசன். மனசுக்குப் படாம எனக்கு ஒரு கால் கிலோ குடுப்பாரா? நீ சொன்னாலும் குடுக்கமாட்டாரு. அந்த முருகன் வந்து சொன்னாலும் குடுக்கமாட்டாரு."

செல்வராணி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வைத்ததால் போனாரா, வைக்காமல் இருந்தால் இருந்திருப்பாரா என்ற கணக்கு அப்படியேதான் இருந்தது. அதில் யாரும் எண் எழுத முடியாது. ஆனால் சம்மதம் யாருடையது என்ற கணக்கு தீர்ந்துவிட்டது. அதில் பிசகு மிகக் குறைவு. தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அவள் நன்றாக அழுதாள்.

திரும்பி வந்தபோது சிவனாண்டி அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப வண்டில தொங்குத பெட்டியை என்ன பண்ண?"

"நீங்களே கொண்டு போங்க தம்பி" என்றாள் அம்மா. "மரியாதைக்கு ஒத்துக்கிட்டா இந்த வீட்டுல செல்லாது."

சிவனாண்டி எழுந்தார். துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் இறங்கிப் போனார். ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் பையை எடுத்து இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்ததைச் செல்வராணி பார்த்தாள்.

அன்று அவள் நீக்கியவர்களையெல்லாம் திரும்பச் சேர்த்தாள். அதுவும் ஒவ்வொருவராகத்தான். விக்டரிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது. "வன்னியபெருமாள் உங்களைச் சேர்த்தார்னு வந்திருக்கு. தாயி, இதுக்கு நீக்குனதே பரவாயில்ல. எங்க சேக்குதாருன்னு பயலுவ கேக்கானுவ."

*

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு அவள் பேக்கரிக்குப் போனாள். பிச்சையா அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் பெட்டியை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் கை நின்றது.

"கால் கிலோ அண்ணாச்சி" என்றாள்.

"யாருக்குமா?"

"அப்பா தோத்துட்டாங்க. சிவனாண்டிச் சித்தப்பாட்ட."

அவர் எதில் என்று கேட்கவில்லை. நுனி உடையாததாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். சுருளிலிருந்து வெள்ளைக் கயிற்றை இழுத்து, வெட்டி, இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டார். சுருள் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைச் செல்வராணியும் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

சிவனாண்டி வெள்ளைச் சட்டை போட்டுத் தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். அவர் மனைவி அப்பாவின் கைப்பேசியை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விதிப்படி வாயால் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செல்வராணி எத்தனையோ கருவிகள் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவற்றில் ஒன்றையும் இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.

"அப்பா சொன்னது தப்பு. ஸ்டென்ட் துருப்பிடிக்காது."

"நம்ம ஊருலயும்?" என்றார் சிவனாண்டி.

"நம்ம ஊருலயும்."

அவர் முடிச்சை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் வாயில் வைத்தார். மக்ரூனை மெல்ல வேண்டியதில்லை. நாக்கில் பட்டதும் கரைந்து, கடைசியில் முந்திரிப் பொடி மட்டும் நிற்கும்.

படம் அப்பாவின் கைப்பேசியிலிருந்து குழுவுக்குப் போனது. கும்பிட்ட கைகள் வந்தன. அதற்குள் பல் டாக்டர் எழுதினார்: "எனக்கு இதுல அனுபவம் கிடையாது. ஒருத்தர் தோத்ததுக்கு இன்னொருத்தர் மக்ரூன் குடுத்தா செல்லுமா?" செல்லும் என்றார் பூண்டுக்காரர். செல்லாது, தோற்றவர் தானே வாயால் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருத்தர். மகள் சொன்னால் அப்பா சொன்ன மாதிரி என்றார் அடுத்த நடைக்குக் கிளம்பியிருந்த விக்டர், நடுக்கடலுக்குப் போகுமுன் சிக்னல் இருக்கும்போதே. அப்படியானால் மகள் தோற்றால் அப்பா குடுப்பாரா என்று கேட்டார் வியாபாரம் என்று எழுதியவர். அதற்குச் சிவனாண்டி ஒரு நீளமான குரல் பதிவு அனுப்பினார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

செல்வராணி வீட்டு வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் டப்பா காலடியில் இருந்தது. உள்ளேயிருந்து அம்மா, "என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டாள். "தப்புத் தப்பாச் சொல்லுதாங்கம்மா" என்றாள்.

இந்த விஷயத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது. அளந்து பார்க்க வழி கிடையாது. பிசகு எவ்வளவு என்று சொல்லவும் முடியாது. அவள் இன்னொரு கையில் இருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"எனக்கு இதுல அனுபவம் கிடையாது" என்று ஆரம்பித்தாள். "ஆனாலும்."